படலைக்கு வெளியே நின்றவர்களுக்கும் நன்றி

எங்கள் ஐயா காலமாகி முப்பத்தோராம் நாளில், அவரது அந்தியேட்டிக் கிரியை நடக்கும் இன்று, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் அயலவருக்கும் ஐயாவின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இப்படியான கட்டுரையை மகன் எழுதுவதே வழக்கம். தம்பி கிரியைகளை எல்லாம் குறைவில்லாமல் செய்தான். எழுதச் சொன்னபோது மட்டும், "அக்கா, நீதான் ஐயாவோடை இருந்தனி, நீ எழுது" என்று தாளையும் பேனாவையும் என்னிடம் தந்துவிட்டான். இந்த உலக யுத்தகாலத்தில் அருமையாகக் கிடைத்த தாளில் பாதியை நான் எழுதி எழுதி வெட்டியே முடித்துவிட்டேன். ஐயா கண்டிருந்தால், "பிள்ளை, முதல் எழுதினதே காணும், இனி வெட்டாதை" என்று சொல்லியிருப்பார். அந்தச் சொல்லை நம்பி இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

ஐயா பிறந்தது கரவெட்டியில், புகையிலைத் தோட்டம் செய்த ஒரு குடும்பத்தில். உடன்பிறந்தவர் ஒரே ஒரு தங்கை, எங்கள் மாமி. தகப்பனார் நேரத்தோடு காலமாகிவிட்டதால் கிணற்றுத் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுத்தான் ஐயா பள்ளிக்கூடம் போவாராம். மாமி தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பாராம். ஆங்கிலம் படித்து முடித்தவுடன், அக்காலத்தில் பலர் போனதுபோல, கப்பலேறி மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். பின்னர் வந்து அரியாலையில் அம்மாவைக் கைப்பிடித்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு திரும்பினார்.

மலாயாவில் நடந்த ஒரு சங்கதியை ஐயா தம் வாயால் எங்களுக்குச் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு முன் அவர்களுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. புகையிரத விடுதியில் எங்கள் ஊர்க் குடும்பங்கள் பல இருந்தன. பிள்ளை பிறந்த வீட்டைப் போய்ப் பார்க்காவிட்டால் கோபம் வந்துவிடும் அல்லவா, அந்த முறைக்கு எல்லோரும் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் குக்கல் இருமல் இருந்தது. இருமி இருமி முகம் சிவந்த அந்தப் பிள்ளையை ஐயா கண்டார். கண்டும், வந்தவர்களைப் போங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மா தேநீர் கொடுத்தார். சில கிழமைகளில் எங்கள் அண்ணன் அதே இருமலோடு கண்ணை மூடிவிட்டான். பெயர் வைத்த பிள்ளை. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கும் வைக்கவில்லை.

அதன்பிறகுதான் ஐயா ஓமியோபதி படிக்கத் தொடங்கினாராம். அங்கே ஒரு வங்காளத்து வைத்தியர் இருந்தார். வேலை முடிந்ததும் அவரிடம் போயிருந்து நூல்களைப் படித்தும் மருந்துக் குளிசைகளைக் கலந்தும் பழகினார். ஓய்வுபெற்று அரியாலைக்குத் திரும்பியபோது ஐயாவின் கையில் இருந்த பெரிய பொருள் ஒரு தேக்குமரப் பெட்டி. திறந்தால் சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள், உள்ளே கடுகிலும் சற்றுப் பெரிய வெள்ளைச் சீனிக் குளிசைகள்.

அயலில் உள்ள பிள்ளைகளுக்குக் குளிசை ஐயா என்றால் எங்கள் ஐயாதான். சின்னமுத்து, கொப்புளிப்பான், கூவைக்கட்டு, வயிற்றோட்டம் என்று பிள்ளைகளுக்கு வரும் எந்த வருத்தத்துக்கும் தாய்மார் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஐயா கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போவார்கள். பிள்ளை எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறது, தண்ணீர் கேட்கிறதா, புளிப்புக் கேட்கிறதா, அழும்போது தூக்கினால் அடங்குகிறதா என்றெல்லாம் கேட்டபிறகே பெட்டியைத் திறப்பார். குளிசை குடிக்கிறவர் கோப்பி குடிக்கக் கூடாது, பச்சை வெங்காயம் தின்னக் கூடாது, கற்பூரம் கிட்ட வரக் கூடாது, வந்தால் குளிசையின் வலு போய்விடுமாம். சைவ வீடுகளில் இந்தக் கடைசிக் கட்டளை என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சாமியறையில் அம்மா கற்பூரம் கொளுத்தினால் ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெல்லறைக்கு ஓடுவார். "சாமியும் வேணும், சீனியும் வேணும் இந்த மனிசனுக்கு" என்று அம்மா முணுமுணுப்பார். அயல் பிள்ளைகளோ நல்ல கெட்டிக்காரர். காலையில் குளிசை வாங்கித் தின்றுவிட்டு, "ஐயா, கோயில்லை கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுப் போட்டன்" என்று பின்னேரம் வந்து கையை நீட்டுவார்கள். ஐயாவுக்கு விளங்கும். ஆனாலும் மருந்தில்லாத வெறும் குளிசைப் போத்தல் ஒன்றை இதற்கென்றே வைத்திருந்தார்.

ஐயா இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். அதுதான் அவருக்குப் பகை தேடிக்கொடுத்தது. வருத்தக்காரப் பிள்ளை எதுவும் எங்கள் வேலிவாசல் படலைக்குள் கால் வைக்கக் கூடாது. படலைக்கு வெளியே பூவரச மரத்தின்கீழ் இருப்பதற்கு ஒரு நீள மர வாங்கு போட்டிருந்தார். அங்கேதான் பிள்ளையைப் பார்ப்பார். பார்த்து முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டே உள்ளே வருவார். வெளியே இருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேறு செம்பு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். "மலாயாவிலை துரைமாரோடை பழகினவர், மனிசரை வாசலிலை நிப்பாட்டுறார்" என்று சிலர் சொல்லித் திரிந்தது எங்கள் காதிலும் விழுந்தது. ஐயா அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்தச் சட்டம் சொந்தத் தங்கையின் மேலேயே ஒருநாள் விழுந்தது.

என் மூத்த மகள் சரசு பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. கரவெட்டியிலிருந்து மாமி வண்டில் கட்டிக்கொண்டு வந்தார். கையில் பிள்ளைக்குக் காப்பு, மடியில் பேரன். வண்டிலை விட்டு இறங்கும்போதே பேரன் இருமினான். மூச்சு விடாமல் இருமி, முடிவில் கூவி மூச்சை இழுத்தான். படலையைத் திறக்கப் போன ஐயா அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இவனுக்கு எத்தினை நாளா இருமல்?"

"அது தடிமன் அண்ணை. படலையைத் திறவுங்கோ, வெயில் எரிக்குது."

"குக்கல் பிள்ளையோடை இண்டைக்கு உள்ளுக்கு வராதை. நீ கோவிச்சாலும் காரியமில்லை."

மாமி ஐயாவின் முகத்தைப் பார்த்தார். பின்பு காப்பை எடுத்து அந்த வாங்கில் வைத்துவிட்டு வண்டிலில் ஏறினார். வீடு நிறைந்த சபையில் எல்லோரும் இதைக் கண்டார்கள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அறைக்குள் இருந்தேன். என் பிள்ளையால் இரத்த உறவு பிரிந்ததே என்று ஒரு கவலை. வண்டில் திரும்பிய சத்தம் கேட்டபோது மனத்துக்குள் வந்த ஆறுதல் சரியா என்று இன்னொரு கவலை. ஐயா அன்று சாப்பிடவில்லை.

மாமி ஒரு வருடத்துக்கு மேல் எங்களோடு கதைக்கவில்லை. அந்த இருமல் கரவெட்டியில் பல வீடுகளுக்கும் போய், அரியாலைக்கும் வந்தது. ஐயா அயல் பிள்ளைகளுக்கெல்லாம் வருமுன் காக்கும் குளிசை என்று ஒன்று கொடுத்தார். எங்கள் ஒழுங்கை வீடுகளில் அதிகம் பேருக்கு இருமல் வரவில்லை. சனங்கள் குளிசையைப் புகழ்ந்தார்கள். ஐயா மட்டும் அந்தப் புகழை வாங்கிக்கொள்ளாமல் ஏதோ யோசித்தபடி இருந்தார்.

அதற்கு அடுத்த மழைக்காலம் முடிய, துறைமுகப் பக்கம் எங்கோ வைசூரி கண்டதாகக் கதை வந்தது. அம்மாள் வருத்தம் என்று சொல்லவே சனங்கள் பயந்தார்கள். அதைத் தடுக்க அம்மைப்பால் குத்தும் உத்தியோகத்தர் எங்கள் பாடசாலை விறாந்தையில் வந்திருந்தார். தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுபோகவில்லை. கை வீங்கும், காய்ச்சல் வரும், அம்மாள் கோபிப்பாள் என்று பல காரணங்கள் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலான காரணம், குளிசை ஐயா இருக்கிறார், குக்கலுக்குக் கொடுத்ததுபோல இதற்கும் கொடுப்பார் என்பது.

உத்தியோகத்தர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐயா அவரையும் பூவரசின்கீழ் இருத்தினார்.

"நானும் வருத்தக்காரனோ ஐயா, வெளியிலை இருத்துறியள்?"

"நீர் எத்தினை வீட்டுப் பிள்ளையளைத் தொட்டுப்போட்டு வாறீர். கையைக் கழுவும், பிறகு உள்ளுக்கு வாரும்."

அவர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார். ஆனால் உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று, "உங்கடை குளிசை இருக்காம், என்னட்டை வரமாட்டினமாம். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். உங்கடை பேத்திக்குக் குத்தினியளோ எண்டுதான் முதல் கேப்பினம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேத்தி என் இடுப்பில் இருந்தாள். அவளுக்கு அப்போது நடை பழகும் வயது. பெண்கள் பாடசாலையில் சுகாதார பாடத்தில் அம்மைப்பாலைப் பற்றி எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியும் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். என் பிள்ளை என்றபோது படித்ததெல்லாம் ஒரு பக்கம் நின்றது. முந்தின கிழமைதான் அவளுக்கு வயிற்றோட்டம் கண்டிருந்தது. மெலிந்திருந்தாள். இந்த உடம்பு தாங்குமா? குத்தாமல் விட்டு அந்த வருத்தம் வந்தால்? என் கணவர் கொழும்பில் உத்தியோகத்தில் இருந்தார். அவரிடம் கேட்டுப் பதில் வருவதற்குள் உத்தியோகத்தர் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஐயா குளிசைதான் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் கொடுத்தால் அதை மறுக்க எனக்கு மனம் வருமா என்றும் தெரியவில்லை.

அம்மா ஐயாவிடம், "இவ்வளவு காலமும் குடுத்த குளிசையை நீங்களே குறைச்சுச் சொல்லப்போறியளோ?" என்று கேட்டார். ஐயா கிணற்றடிக்குப் போய் வாழைகளுக்குத் தண்ணீர் விட்டார். விட்ட வாழைக்கே திரும்பவும் விட்டார். பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ என்ன நினைக்கிறாய்?"

ஐயா அப்படி என்னிடம் கேட்டதில்லை. நான் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியேல்லை ஐயா. குத்தினாலும் பயம், குத்தாட்டியும் பயம்."

"எனக்கும் அப்பிடித்தான்" என்றார். சரசுவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "போன முறை குக்கலுக்குக் குளிசை குடுத்தன். குடிச்ச பிள்ளைக்கும் வந்தது. குடியாத பிள்ளைக்கும் வராமல் விட்டது. நான் கண்ணாலை கண்டதை இல்லை எண்டு சொல்லேலாது. சனம் நம்புது எண்டதுக்காக இவளை வைச்சுச் சோதிச்சுப் பாக்கேலாது."

அடுத்தநாள் காலை ஐயா வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டு, கோயிலுக்குப் போகிறவர்போலப் புறப்பட்டு, சரசுவைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கை வழியே நடந்தார். நான் பின்னால் போனேன். வேலிக்கு மேலால் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பாடசாலை விறாந்தைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பின்னால் ஒரு சனக்கூட்டம். அதில் ஒருவர் கேட்டார்: "என்ன ஐயா, பெட்டியிலை குளிசை முடிஞ்சு போச்சோ?"

சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். "முடியேல்லை. குளிசையிலை எனக்கு விருப்பம்தான். பிள்ளையிலை அதைவிட விருப்பம்" என்றார். பிறகு கதிரையில் இருந்து, சரசுவின் சட்டைக் கையைத் தாமே மடித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கத்திய கத்தலில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஐயா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கேலி கேட்டவரே அடுத்ததாகத் தன் பிள்ளையைக் கொண்டுவந்து நின்றார். மத்தியானத்துக்குள் விறாந்தை கொள்ளாத கூட்டம்.

பின்பு குத்தின இடம் கொப்பளித்துச் சரசுவுக்குக் காய்ச்சல் கண்டபோது, பிழை செய்துவிட்டோமோ என்று நான் பட்ட பாட்டை அம்மா அறிவார். ஐயா உத்தியோகத்தரை வழியில் மறித்து, காய்ச்சலுக்குத் தம் குளிசை கொடுக்கலாமா என்று கேட்டாராம். "குடுங்கோ ஐயா, சீனிதானே" என்றாராம் அவர். இதை ஐயாவே வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார். குளிசையும் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. அது தானாக இறங்கியதா, குளிசையால் இறங்கியதா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். ஐயா யோசிக்கவில்லை. பிள்ளை எழும்பி விளையாடியதே அவருக்குக் காணும்.

வைசூரி எங்கள் ஒழுங்கைக்கு வராமலே போயிற்று. அடுத்த தைப்பொங்கலன்று படலைக்கு வெளியே ஒரு வண்டில் வந்து நின்றது. மாமியின் குரல் கேட்டது. "அண்ணை, எங்கடை வீட்டிலை இப்ப ஒருத்தருக்கும் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, சிரங்கும் இல்லை. உள்ளுக்கு வரலாமோ, இல்லாட்டி வாங்கிலை இருக்கவோ?" ஐயா பொங்கல் பானையை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் படலையைத் திறந்தார். அந்தப் பேரன் நன்றாகத் தேறி, ஓடி வந்து ஐயாவின் வேட்டியைப் பிடித்தான். அன்றைய பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

பிந்திய ஆண்டுகள் ஐயாவுக்கு மன நிறைவாகவே கழிந்தன. தோட்டம், கோயில், குளிசைப் பெட்டி. பூவரசின்கீழ் வரும் தாய்மாரிடம் கேட்கும் கேள்விகளோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: அம்மைப்பால் குத்தியாயிற்றா? குத்தவில்லை என்றால் குளிசையோடு சேர்த்து ஏச்சும் கொடுத்து அனுப்புவார். இப்போது கைக்குழந்தையாக இருக்கும் என் மகன் பிறந்தபோது என்னைக் கேட்கவே இல்லை. நாளைப் பார்த்துத் தாமே கொண்டுபோனார்.

இந்த மாரியில் ஐயாவுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. தம் பெட்டியில் உள்ளதைச் சில நாள் எடுத்துப் பார்த்துவிட்டு, பின்பு டொக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். பார்க்க வந்தவர்களை அன்போடு வரவேற்றார். பேரப்பிள்ளைகளை மட்டும் கட்டிலுக்குக் கிட்ட வரவிடவில்லை. "எனக்கு இருமல், அங்கை நில்லுங்கோ" என்று யன்னலுக்கு வெளியே நிற்கச் செய்து அங்கிருந்தே கதை கேட்பார். படலைக்கு வைத்த சட்டத்தைத் தமக்கும் வைத்தார். ஒரு காலைப்பொழுதில், அம்மா கொடுத்த கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு, அமைதியாகக் கண்ணை மூடினார்.

கிரியை தொடங்கக் கற்பூரத் தட்டைக் கொண்டுவந்தார்கள். அழுதுகொண்டிருந்த அம்மா எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலிருந்த தேக்குமரப் பெட்டியைத் தூக்கினார். நெல்லறையில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இனிக் கொளுத்துங்கோ" என்றார்.

பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். சரசு கையை உயர்த்தியபோது சட்டைக் கைக்குக் கீழே அந்த அம்மைப்பால் தழும்பு தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் பந்தம் பிடித்த பிள்ளைகள் எல்லோருடைய கையிலும் அது இருந்தது.

மாமியை இன்னும் காணவில்லையே என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே தங்கை வராமல் எப்படி எடுப்பது? அப்போது யாரோ வந்து, மாமி எப்போதோ வந்துவிட்டார், படலைக்கு வெளியே நிற்கிறார் என்று சொன்னார்கள். நான் ஓடிப்போனேன். ஒழுங்கையின் மறுகரையில், வேலியோடு சேர்ந்து மாமி தனியே நின்றார். நான் கிட்டப் போகக் கையைக் காட்டி மறித்தார்.

"கிட்ட வராதை மோனை. எங்கடை வீட்டிலை சின்னப் பேத்திக்குச் சின்னமுத்து. இவ்வளவு நாளும் தூக்கி வைச்சிருந்தது நான்தான். உனக்குக் கைக்குழந்தை இருக்கு."

"உடுப்பை மாத்திப்போட்டு வாங்கோ மாமி. ஐயாவின்ரை முகத்தைப் பாக்க வேண்டாமோ?"

"நான் உள்ளுக்கு வரேல்லை. அண்ணை வெளியிலை வருவார்தானே. அப்ப பாக்கிறன்."

தம்பியிடம் சொன்னேன். பாடையைத் தூக்கியவர்கள் படலையைத் தாண்டியதும் பூவரசின்கீழ் அந்த வாங்கில் ஐயாவைச் சற்று நேரம் இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் விலகி நின்றார்கள். மாமி ஒழுங்கையின் அந்தக் கரையில் நின்றபடியே கும்பிட்டார்.

ஐயாவின் வருத்தத்தில் வந்து பார்த்த டொக்டருக்கும், கஞ்சியும் கோப்பியும் கொண்டு வந்த அயலவருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், பறை முழக்கியவர்களுக்கும், ஓதுவாருக்கும், தூரத்திலிருந்து கேள்விப்பட்டுச் சைக்கிளில் வந்து நின்ற அம்மைப்பால் உத்தியோகத்தருக்கும், தாள் கிடையாத காலத்தில் இம்மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்றைய அந்தியேட்டிக்கும் சிலர் வரவில்லை. வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். வராததை நாங்கள் குறையாக எடுத்துவிடுவோமோ என்று அவர்கள் கவலைப்பட வேண்டாம். அவர்களுக்குரிய மலரும் பலகாரமும் அவரவர் படலையில் கொண்டுவந்து வைக்கப்படும். ஐயா இருந்திருந்தால் நன்றியை அவர்களிடமிருந்துதான் தொடங்கியிருப்பார்.